பின்னாலிருந்து எடுத்த பந்தி

எனக்கு வழியனுப்பு விழா நடத்திய அன்று இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். நான் எழுந்து நின்று, "காபி ஆறுது, குடிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்கும் கை தட்டினீர்கள். வீட்டுக்கு வந்து யோசித்தால் வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் ஒரே கடையில் உங்களோடு உட்கார்ந்தவள், போகிற நேரத்தில் காபியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்திருக்கிறேன். எனக்குப் பேச வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

கெட்டுப்போன ஹார்ட் டிஸ்கிலிருந்து உள்ளே பதிந்திருப்பதை எப்படி எடுப்பது என்று எழுதப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எதை முதலில் எடுப்பது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, கடைக்கு வந்து பார்த்துப் பார்த்து வேலை கற்றவள் நான். இந்த ஒன்றை மட்டும் மெஷினிடம் கற்கவில்லை. ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் நடுவில் மாட்டிக்கொண்டு கற்றேன்.

அப்போது நம் கடை கீழவாசல் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. முன்னால் அண்ணன் உட்காருவார். அவர்தான் முதலாளி, எனக்குச் சொந்தத்தில் அண்ணன் முறை. அவருக்குப் பின்னால் ஒரு பிளைவுட் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் நான். அதில் டிபன் பாக்ஸ் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை போட்டிருந்தார்கள். டிஸ்க் அந்த ஓட்டை வழியாக வரும். வேலை முடிந்ததும் அதே வழியாகப் போகும். வந்தவர்களின் குரல் கேட்கும், முகம் தெரியாது. எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது.

நானும் அண்ணனும் சௌராஷ்டிரர்கள். கடைக்கு வந்தவரோடு தமிழில் பேசிக்கொண்டே அண்ணன் ஓட்டைப் பக்கம் குனிந்து, எங்கள் வீட்டு மொழியில், "என்ன, தேறுமா?" என்று கேட்பார். நான், "கஷ்டம்" என்பேன். அவர் நிமிர்ந்து, "ஒண்ணும் பயப்படாதீங்க, எல்லாம் வந்துரும்" என்று தமிழில் சொல்வார். ஏமாற்றுகிற எண்ணமெல்லாம் கிடையாது. எதிரில் நிற்பவர் முகம் வாடினால் அவருக்குத் தாங்காது, அவ்வளவுதான். பிறகு நான் எடுத்த வரைக்கும் கொடுப்பார். வராதது எதனால் வரவில்லை என்று அவரே ஏதாவது சமாதானம் சொல்லி, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

சரஸ்வதி பூஜை முடிந்த சமயம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. மாட்டுத்தாவணிப் பக்கம் வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் வந்தார். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எதையும் விடமாட்டார். ஓட்டை வழியாக அவருடைய டிஸ்க் வந்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிஸ்கின் முன் விளிம்பில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

பூஜையன்று கேமராவுக்கு வைத்திருக்கிறார், லைட்டுக்கு வைத்திருக்கிறார், ஸ்டாண்டுக்கு வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் பெட்டிக்கு மட்டும் வைத்தால் போதுமா, உள்ளே இருந்து உழைக்கிறவனுக்கு வைக்க வேண்டாமா என்று மூடியைக் கழற்றி டிஸ்குக்கும் வைத்துவிட்டார். தண்ணீர் விட்டுக் குழைத்த சந்தனம். வழிந்து, அடியிலிருக்கும் சர்க்யூட் போர்டுக்குள் இறங்கியிருந்தது.

"எத்தனை பொட்டுண்ணே வச்சீங்க?" என்று அண்ணன் கேட்டார்.

"மூணு. பெரிய டிஸ்குல்லண்ணே."

அவர் தனியாக வரவில்லை. படியில் இன்னும் காலடிச் சத்தம் கேட்டது. மூச்சு வாங்க ஒரு அம்மா, "எம் பொண்ணு கல்யாணம் இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்காமே, நெசமா?" என்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தார். கூட அவருடைய தம்பி, அதாவது பெண்ணுக்குத் தாய்மாமன். பின்னால் கல்யாணப் பெண். திருவாதவூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்கள்.

கல்யாணம் ஆவணியில் முடிந்துவிட்டது. பெண்ணின் அப்பா சவுதியில் கட்டட வேலையில் இருந்தார். கம்பெனி லீவு கொடுக்காததால் மகள் கல்யாணத்துக்கு வர முடியவில்லை. வீடியோவாவது பார்க்க வேண்டும் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். ஸ்டுடியோக்காரர் வழக்கம்போல, "எடிட்டிங் ஓடிக்கிட்டிருக்கு" என்றே சொல்லி வந்திருக்கிறார். ஒருவழியாக முடித்து சி.டி. போடும் நேரத்தில் டிஸ்குக்குச் சந்தனம் வைத்துவிட்டார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மறுநாள் சாயங்காலம் சவுதிக்குப் புறப்படுகிறார். அவர் கையில் சி.டி.யைக் கொடுத்துவிட வேண்டும். அவரை விட்டால் அடுத்து யார் போவார்கள் என்று தெரியாது.

"கேமரா டேப் இருக்குமேண்ணே?" என்றார் அண்ணன்.

"அதுல அடுத்த முகூர்த்தத்த எடுத்துட்டேன். ஆவணியில தெருவுக்குத் தெரு கல்யாணம். எம்புட்டு டேப்புதான் வாங்குறது?"

"எங்க கல்யாணத்து மேல எவன் கல்யாணத்த ஏத்துன?" என்று தாய்மாமன் எழுந்த சத்தம் கேட்டது.

"உக்காருங்க மாப்ள. ஏத்துறதுக்கு முன்னாடி உங்களது அம்புட்டையும் இதுல எறக்கி வச்சிட்டேன்ல. பத்திரமாத்தான் வச்சிருந்தேன்."

"பொட்டு வச்சுல்ல பத்திரமா வச்சிருக்க."

நான் போர்டைக் கழற்றினேன். தகடுகள் தொடும் இடமெல்லாம் பச்சை பூத்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மாட்டினேன். டிஸ்க் சுழன்றது. கொஞ்ச நேரம் ஒழுங்காகப் படித்தது. சூடு ஏறியதும், "டக், டக்" என்று தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. உடனே நிறுத்தினேன். ஆறவிட்டு மறுபடி போட்டேன். இந்த முறை இன்னும் சீக்கிரமே அந்தச் சத்தம் வந்தது. போர்டு மட்டும் கெட்டிருந்தால் இப்படி ஆகாது. உள்ளே படிக்கும் தலையும் போய்க்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. இன்னும் ஓரிரண்டு தடவை ஓடும். அதற்குமேல் நம்ப முடியாது.

அண்ணன் ஓட்டைப் பக்கம் குனிந்து எங்கள் மொழியில் கேட்டார். "முழுக்க வராது. கால்வாசி வந்தாலே பெரிசு" என்று நானும் எங்கள் மொழியில் சொன்னேன்.

அண்ணன் நிமிர்ந்தார். "எல்லாம் வந்துரும்மா. நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு சாயங்காலமா வாங்க."

யாரும் எழுந்த சத்தம் கேட்கவில்லை. தாய்மாமனின் குரல் மட்டும் நிதானமாக வந்தது.

"அண்ணே, உள்ள இருக்க அக்கா கால்வாசிங்குது. நீங்க முழுசுங்கிறீக. நான் யாரு பேச்ச எடுத்துக்க?"

என் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் கீழே விழுந்துவிட்டது.

"உங்களுக்கு... எங்க பாஷை தெரியுமா?" என்றார் அண்ணன்.

"சுங்குடிச் சேலைப் பட்டறையில சாயம் முக்குன ஆளுண்ணே நானு. மீச மொளைக்கிறதுக்கு முன்னாடி இருந்து உங்காளுக கூடத்தான் வேல. நல்ல வார்த்தைய விட நீங்க வையிற வார்த்தைதான் எனக்கு நல்லாத் தெரியும்."

அந்த அம்மா கேட்டார்: "என்னடா சொல்றாக?"

"சாமிக்குப் பொட்டு வச்சா கண்ணு குளுந்துரும். இதுக்குப் பொட்டு வச்சதுல கண்ணு போச்சாம்க்கா." பிறகு என் பக்கமாக, "அக்கா, வெளிய வாங்க. உங்க வாயால சொல்லுங்க" என்றார்.

நான் அந்தத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். தாய்மாமன் குரலை வைத்து நான் மனதுக்குள் ஒரு பெரிய மீசைக்காரரை நினைத்து வைத்திருந்தேன். ஆள் ஒல்லியாக, சட்டைப் பையில் ஒரு பெரிய செல்போனோடு இருந்தார். அம்மா மடியில் மஞ்சள் பை. பெண்ணின் கழுத்தில் தாலிக் கயிற்றின் மஞ்சள் நிறம் இன்னும் மங்கவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகு, "எல்லாம் வரும்" என்று சொல்ல அண்ணனுக்கு ஏன் தோன்றுகிறது என்று எனக்குப் புரிந்தது. எனக்கே அப்படிச் சொல்லத் தோன்றியது.

"முழுசா வராதும்மா," என்றேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். "கொஞ்சம்தான் வரும். மொதல்ல எத எடுக்கிறேனோ அதுதான் நிச்சயம். மத்தது அதிர்ஷ்டம். மொதல்ல எது வேணும்னு நீங்க சொல்லுங்க."

அத்தனை வருட வேலையில் நான் ஒருவரிடமும் இப்படிக் கேட்டதில்லை. முக்கியமானது எது என்று நானே முடிவு செய்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

கேட்டதும் சந்தைதான்.

"இதென்ன கேள்வி, தாலி கட்டுறதுதான்" என்றார் அம்மா.

"தாலி எல்லாரும்தான்க்கா கட்டுறாங்ய. மாமன் சீரு எல்லாரும் செய்யிறாங்யளா? தப்பு மேளம் அடிச்சு, வெடி போட்டு, தட்டு தூக்கிக்கிட்டு ஊரச் சுத்தி வந்தேன். மச்சான் அதத்தான் பாக்கணும்."

"ஒன் சீர நீயே போயி அந்த மனுசங்கிட்டச் சொல்லு. நாள்பூரா அதத்தான் சொல்லிக்கிட்டுத் திரியிற."

நடுவில் ஸ்டுடியோக்காரர் புகுந்தார். "எதுக்கு அடிச்சுக்கிறீக? நான் முடிச்சு வச்ச படம் ஒண்ணு இருக்கு. அக்கா அத எடுத்தாப் போதும், எல்லாம் அதுக்குள்ள அடக்கம். ரோசாப்பூவு விரியும், உள்ள பொண்ணு முகம். அன்னப்பறவை ரெண்டு நீந்தும், ஒண்ணு மேல பொண்ணு, ஒண்ணு மேல மாப்பிள்ளை."

உண்மையைச் சொன்னால், தடுப்புக்குப் பின்னாலேயே இருந்திருந்தால் நானும் அந்தப் படத்தைத்தான் எடுக்கப் போயிருப்பேன். முடித்து வைத்த படம் இருக்கும்போது, கேமராவிலிருந்து அப்படியே இறக்கியதை எடுக்க யாருக்குத் தோன்றும்?

அதுவரை வாய் திறக்காத பெண், "தாலி கழுத்துல கெடக்கும்மா. அதப் பாக்க வீடியோ எதுக்கு?" என்றது.

"கல்யாணமானதும் வாய் நீண்டுருச்சு ஒனக்கு."

"அப்பாவுக்குத்தான அனுப்புறோம். அப்பாகிட்டக் கேட்டா என்ன?"

எங்கள் ஒருவருக்கும் அது தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை என்பதால் அங்கே விடுமுறை. தாய்மாமன் போனில் ஒரு மிஸ்டு கால் கொடுத்தார். சிறிது நேரத்தில் மணி அடித்தது. அம்மா போனைக் காதில் வைக்காமல் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, சவுதிக்கே கேட்கிற மாதிரி கத்தி விஷயத்தைச் சொன்னார். பதிலுக்கு அவரும் கத்தினார். அதனால் எங்கள் எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது.

"தாலி கட்டுறத போட்டோவுல பாத்துட்டேன். பந்தி இருக்கா?"

"பந்தியா? ஊர்ச்சனம் சோறு திங்கிறதப் பாத்து என்ன செய்யப் போறீக?"

"பெரிய வீட்டுக்காரரு வந்தாருன்னு சொன்னேல்ல?"

"ஆமா, வந்தாரு."

"உக்காந்து கை நனைச்சாரா?"

"நனைச்சாருன்னு அன்னைக்கே சொன்னேனே. எத்தன தடவ கேப்பீக?"

"நீ சொன்ன. நான் பாக்கணும்ல."

அம்மா போனை முந்தானையால் துடைத்துத் தம்பியிடம் கொடுத்தார்.

தாய்மாமன்தான் எங்களுக்குச் சொன்னார். மச்சானும், மச்சானுடைய அப்பாவும் அந்தப் பெரிய வீட்டு வயலில் கூலிக்கு உழுதவர்கள். பிறகு மச்சான் வெளிநாடு போய், சொந்தமாகக் கொஞ்சம் வயல் வாங்கினார். "எங்க தெருவுல கல்யாணம்னா அவுக வராம இருக்கமாட்டாகண்ணே. வருவாக, மேடையேறி ஆசீர்வாதம் பண்ணுவாக. பந்திக்குக் கூப்பிட்டாத்தான் வயித்து வலி வந்துரும். கடையில வாங்குன கலரு சோடா பாட்டில அவுக கண்ணு முன்னாடி ஒடச்சுக் குடுத்தா, குடிச்சிட்டுக் கெளம்பிருவாக. எனக்குத் தெரிஞ்சு எங்க தெருவுல எந்தக் கல்யாணத்துலயும் அந்த வீட்டு ஆளுக்கு வயிறு சரியா இருந்ததில்ல. எங்க பிள்ள கல்யாணத்துலதான் சரியா இருந்துச்சு."

அண்ணன் ஸ்டுடியோக்காரரைப் பார்த்தார். அவர் தலையைச் சொறிந்தார்.

"முடிச்ச படத்துல பந்தி இல்லண்ணே. சோறு திங்கிறத யாரு பாப்பான்னு வெட்டிட்டேன்."

"வெட்டுனியா?"

"வெட்டுனது படத்துலதான் மாப்ள. கேமராவுல இருந்து எறக்குனது அப்படியே கெடக்கு."

அன்னப்பறவையை எடுக்கப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்தேன். பாடலோடு, ரோசாப்பூவோடு, அந்த மனிதர் கேட்ட ஒன்று மட்டும் இல்லாமல் ஒரு சி.டி. போயிருக்கும். நானும் நல்ல வேலை செய்த திருப்தியில் வீட்டுக்குப் போயிருப்பேன்.

ஆனால் பந்திப் பதிவு நீளமானது. முதலிலிருந்து எடுத்தால், பெரிய வீட்டுக்காரர் வருவதற்கு முன்பே டிஸ்க் நின்றுவிடலாம். எந்தப் பந்தியில் உட்கார்ந்தார் என்று கேட்டேன்.

"மொதப் பந்தி. நாந்தான் கூட்டிட்டுப் போனேன்" என்றார் அம்மா.

"அது அவரு தம்பிக்கா. அவரு ரெண்டாவது பந்தி. நாந்தான் எல போட்டேன்."

அம்மா முதல் பந்தி என்று ஊரிலுள்ள எல்லாச் சாமிமேலும் சத்தியம் செய்தார். தாய்மாமன் இரண்டுதான் என்று தொடையில் தட்டினார். நான் பெண்ணைப் பார்த்தேன். அது என்னைப் போலவே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கடைசிப் பந்திக்கா," என்றது மெதுவாக. "நானும் எங்க வீட்டுக்காரவுகளும் உக்காந்த பந்தி. அந்தப் பெரியவருக்கு எனக்கு நேர் எதிர் எல. குனிஞ்சே இருந்ததால முகம் பாக்கல. கையத்தான் பாத்தேன். கல்லு வச்ச பெரிய மோதரம். அவரு எப்படிச் சாப்பிடுறாருன்னே பாத்துக்கிட்டிருந்தேன். நான் சாப்பிடல."

ஒரு கூட்டத்தில் எல்லாரும் பெரிதாகப் பேசும்போது, தரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் என்ன பார்த்திருப்பார் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். இன்னொரு காரணமும் இருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் ஜாங்கிரி ஊட்டுவதை எடுக்காத வீடியோக்காரர் மதுரையில் இல்லை. அந்தப் பந்தியில் கேமரா கட்டாயம் இருந்திருக்கும்.

"பின்னால இருந்து எடுக்கிறேன்," என்றேன். பதிவின் கடைசியிலிருந்து முன்னோக்கி, தலைகீழாகப் படிக்க வைக்கலாம். கேமராவிலிருந்து இறக்கிய பதிவில் ஒவ்வொரு துண்டும் தனியாக நிற்கும். முன்பகுதி இல்லாவிட்டாலும் பின்பகுதி ஓடும்.

டிஸ்கைப் படுக்க வைத்தால் சத்தம் அதிகமாக இருந்தது, அதனால் பக்கவாட்டில் நிறுத்தினேன். அண்ணன் மேசை விசிறியைத் தூக்கி வந்து, தானே பிடித்துக்கொண்டு நின்றார். மற்ற மூன்று பேரும் ஸ்டுடியோக்காரரும் தடுப்புக்குப் பின்னால், என் இடத்துக்குள் வந்துவிட்டார்கள். அங்கே அதற்கு முன் வெளியாள் யாரும் வந்ததில்லை. அம்மா என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் நின்றேன்.

டிஸ்க் சுழன்றது. எவ்வளவு வந்திருக்கிறது என்று திரையில் காட்டும் கோட்டினை எல்லாரும் தேர் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள். கோடு நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது.

"அக்கா, நல்லாத்தான ஓடுது," என்று ஸ்டுடியோக்காரர் என் காதருகே வந்தார். "டக்குன்னு முகூர்த்தத்துக்குத் தாவிருங்க. அதையும் எடுத்துட்டா நம்ம பேரு காப்பாத்தலாம்."

நீங்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். நன்றாக ஓடுகிறபோதுதான் ஆசை வரும். கேட்டது கைக்கு வருவதற்கு முன் இன்னொன்றுக்குத் தாவினால், இரண்டும் அரைகுறையாகப் போகும். நான் பதில் சொல்லாமல் கையை மட்டும் காட்டினேன். கடைசிப் பந்தி முழுக்க வந்துவிட்டது என்று தோன்றியதும், பழைய டிஸ்கை ஓடவிட்டபடியே, எடுத்த வரைக்கும் இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினேன்.

திரையில் முதலில் வாழையிலை வரிசை. லைட் அடித்ததும் ஆட்கள் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். ஒரு கிழவர் கேமராவைப் பார்த்து இடது கையால், "போ, போ" என்றார். பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும். ஜாங்கிரி ஊட்டினார்கள். மாப்பிள்ளை வாயில் ஜாங்கிரியோடு சிரித்தார், அதற்கே தாய்மாமன் கை தட்டினார். கேமரா அங்கேயே நின்றது. எதிர் வரிசைக்குத் திரும்பவே இல்லை. அம்மா, "திருப்பேன்டா, திருப்பேன்டா" என்று திரையிலிருக்கும் கேமராக்காரரை அதட்டினார். பக்கத்தில் நின்ற ஸ்டுடியோக்காரர், "இந்தா திருப்புறேன்த்தே" என்றார்.

படம் பச்சைக் கட்டம் கட்டமாக உடைந்தது. போய்விட்டது என்று நினைத்தேன். மறுபடி சேர்ந்தது. எதிர் வரிசை.

வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். விரலில் கல் மோதிரம். ரசச் சோற்றை வழித்துச் சாப்பிட்டார். பாயாசம் வந்தது. இலைமேல் கையை மறித்து வேண்டாம் என்று சொல்லவில்லை. இலையிலேயே வாங்கி, அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, வழித்தார். பரிமாறியவர் நகரப் போனபோது, விரலை ஆட்டித் திரும்பக் கூப்பிட்டார்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். அழுகிறார் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்கப் போனேன். அவர் தோள் குலுங்கியது அழுகையில் இல்லை.

"பாருடா," என்றார் சிரிப்பை அடக்க முடியாமல். "ரெண்டாந்தரம் பாயாசம் வாங்குறாரு. வயித்து வலிக்காரரு."

மாடி முழுக்கச் சிரிப்பு. கீழே துணிக்கடையிலிருந்து ஒருவர் படியேறி வந்து என்னவென்று கேட்டார். கடைசியில் அந்தப் பெரியவர் இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார். அதற்குள் அண்ணனுக்குக் கை வலித்து விசிறி வேறு பக்கம் திரும்பிவிட்டது. டிஸ்க், "டக், டக்" என்றது. நிறுத்தினேன்.

மறுநாள் காலையில் ஆறிய டிஸ்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். அடுத்தபடியாகத் தாய்மாமன் கேட்ட சீர் கொஞ்சம் வந்தது. தப்பு, வெடி, தட்டு எல்லாம் இருந்தது. ஊர்வலம் மண்டபத்து வாசலைத் தொடும்போது டிஸ்க் ஒரேயடியாக நின்றுவிட்டது. தாலியும் வரவில்லை, அன்னப்பறவையும் வரவில்லை. "ஒன் சீரு இன்னும் மண்டபத்துக்கே வந்து சேரலையேடா" என்று அம்மா தம்பியைக் கேலி செய்தாராம். அன்று சாயங்காலம் சி.டி. புறப்பட்டது.

சில நாள் கழித்து அண்ணன் ஓட்டை வழியாக டிஸ்குக்குப் பதிலாக டெலிபோனைக் கொடுத்தார். சவுதியிலிருந்து.

"தாயி, பாத்துட்டேன். ரூம்ல எல்லாரும் பாத்தாக. திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்ததுல எல்லாருக்கும் பசியெடுத்துப் போச்சு. சேமியா வாங்கி நாங்களும் பாயாசம் வச்சோம்."

"சரிங்க," என்றேன். பிறகு, "அப்பளம் போட்டீங்களா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் அவர் சிரித்த சிரிப்பு அண்ணனுக்கும் கேட்டது.

அண்ணன் அந்த வாரமே ஆசாரியைக் கூப்பிட்டு, ஓட்டையைக் கதவளவுக்கு அறுக்கச் சொன்னார். எங்கள் மொழியில் குனிந்து கேட்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டார். எந்தக் காதில் என்ன பாஷை இருக்கிறதோ என்று பயம். இன்றைக்கும் நம் கடையில் டிஸ்கைக் கையில் வாங்கியதும், "மொதல்ல எது வேணும்?" என்று கேட்கிறீர்களே, அந்தக் கேள்வி அன்று வந்ததுதான். கொண்டுவந்தவரிடம் கேட்டதோடு நிறுத்தாதீர்கள். யாருக்காகக் கொண்டுவந்தாரோ அவரிடமும் கேட்கச் சொல்லுங்கள். பதில் நீங்கள் நினைத்ததாக இருக்காது.

பிறகு அந்தப் பெண்ணின் குழந்தைக்குத் திருவாதவூரில் காதுகுத்து வைத்தார்கள். அண்ணன் வற்புறுத்தி என்னையும் அழைத்துப் போனார். யாரையும் தெரியாத கூட்டம் என்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பந்தலில் ஒரு மூலையாகப் பார்த்து உட்கார்ந்தேன். லீவில் வந்திருந்த அப்பா சோற்று வாளியோடு வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்தார். போனில் கேட்ட குரல்தான், ஆள் குட்டையாக இருந்தார். என் இலைக்கு முன்னால் வந்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"நீங்கதான அந்தத் தாயி? கை நனைங்க."

சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். நான் முதல் கவளம் எடுக்கும்வரை நகரமாட்டார் போலிருந்தது. அதே நேரம் கண் கூசும்படி ஒரு வெளிச்சம். நிமிர்ந்தால், கேமராவோடு நம் ஸ்டுடியோக்காரர். நான் இடது கையால் முகத்தை மறைத்தேன்.

"மறைக்காதீங்கக்கா. பந்தியத்தான் மொதல்ல எடுக்கச் சொல்லியிருக்காக."

"டிஸ்குக்குப் பொட்டு வச்சீங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டு டிஸ்கு வாங்கிட்டேன்க்கா. ஒண்ணுக்குத்தான் வச்சேன்."

நான் கையை எடுத்துவிட்டுச் சாப்பிட்டேன். பாயாசம் இரண்டாந்தரம் வாங்கினேன்.